ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளருக்கு நினைவு மலர்: எதைச் சேர்ப்பது, எப்படித் தொகுப்பது?

கண்டனூர் மகள் எழுதியது:

எங்கள் அப்பச்சி (அப்பா) சென்ற ஆவணி வளர்பிறையில் சிவபதவி அடைந்தார்கள். முதலாண்டுத் திதியன்று வருகிறவர்கள் கையில் கொடுக்க 64 பக்கத்தில் ஒரு நினைவு மலர் போடலாம் என்று வீட்டில் முடிவு. 250 பிரதி போதும்.

விவரம்: காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. மின்னியல், 1965. மறு வருடம் மின்வாரியத்தில் சேர்ந்து, பல ஊர் மாற்றலாகி, செயற்பொறியாளராக 2000 ஜூன் கடைசியில் ஓய்வு. கையில் இருப்பவை: பணிப்பதிவேட்டு நகல், வருடத்துக்கு ஒன்றாக டைரிகள், ஒரு சுருள் வரைபடங்கள், ஆத்தாவுக்கு (எங்கள் அம்மாவுக்கு) எழுதிய இன்லண்ட் லெட்டர்கள், குடும்பக் கணக்கு நோட்டு, முகப்பில் மாட்டியிருக்கும் சட்டப் படங்கள், ஒட்டும் ஆல்பம் இரண்டு, மணிவிழாவின்போது பேசியது ஒரு கேசட்.

டைரி முழுக்கச் சுருக்கெழுத்து மாதிரி இருக்கிறது; ஒன்றும் பிடிபடவில்லை. ஜாதகத்தில் சித்திரபானு வருடம் மாசி மாதம் என்று இருக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1942 ஜூன். எதைப் போடுவது? "கடமை தவறாதவர், பாசமிகு தந்தை" என்று எழுதினால் எல்லா மலரும் போல ஆகிவிடும். வேறு எப்படி எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செக்காலை ரோடு எழுதியது:

ஆச்சி, முதலில் நாள் கணக்கு. திதி தமிழ் மாதத்தையும் பிறையையும் வைத்து வருவது. அதனால் சென்ற வருட ஆங்கிலத் தேதி இந்த வருடம் பொருந்தாது. பதினோரு நாள் போல முன்னால் வரலாம், பத்தொன்பது நாள் வரை தள்ளியும் போகலாம். சில சமயம் ஒரே தமிழ் மாதத்தில் அதே திதி இரண்டு முறை வரும். குருக்களிடம் தேதியை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதிலிருந்து பின்னால் எண்ணி அச்சகத்துக்கு நாள் சொல்லுங்கள்.

பிறந்த தேதிக்கு ஜாதகம்தான் சரி. சித்திரபானு 1942 ஏப்ரல் நடுவில் பிறந்து 1943 ஏப்ரல் நடுவில் முடிந்த வருடம். மாசி என்றால் 1943 பிப்ரவரி, மார்ச். 1942 என்று போட்டுவிடாதீர்கள், தை முதல் பங்குனி வரை பிறந்தவர்களுக்கு எல்லாரும் தவறுகிற இடம் இது. எஸ்.எஸ்.எல்.சி. தேதி பள்ளியில் சேர்க்கும்போது வயது கூட்டிச் சொன்னது. அந்தத் தலைமுறையில் இது சகஜம். ஆனால் அதை மறைக்க வேண்டாம். அரசுக் கணக்கில் 58 முடிந்து 2000 ஜூனில் ஓய்வு என்பது அந்தத் தேதியை வைத்துத்தான் வந்தது. ஜாதகத் தேதியை மட்டும் போட்டால், கணக்குப் பார்க்கிறவர் எட்டு மாதம் முன்கூட்டியே ஏன் ஓய்வு என்று கேட்பார். ஒரு வரி அடிக்குறிப்பு போதும்.

பெயர்கள் காலத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும். மலர்களில் மிக அதிகமாக வரும் பிழை இதுதான். 1943இல் கண்டனூர் ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனியாகப் பிரிந்தது 1985இல். ஆத்தா பிறந்த ஊர் ராயவரம், அரிமளம் பக்கம் என்றால் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டம், 1974இலிருந்து புதுக்கோட்டை மாவட்டம். 1969 ஜனவரி வரை மாநிலத்தின் பெயரே சென்னை மாநிலம்தான். அப்பச்சி சேர்ந்த 1966இல் இருந்தது 1957இல் அமைந்த சென்னை மாநில மின்வாரியம். 2010 நவம்பரில் பிரிந்து உண்டான நிறுவனத்தின் பெயரைத் தூக்கி 1966 தலையில் வைக்கக் கூடாது. பட்டமும் அப்படியே: 1965இல் தேறியவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், ஏனென்றால் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1966இல். சான்றிதழைப் பார்த்து அதில் உள்ளபடி போடுங்கள். கல்லூரி தொடங்கியது 1952. அப்பச்சி ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர் என்று தாராளமாகச் சொல்லலாம், "முதல் அணி" என்று சொல்லக் கூடாது.

பதவிப் பெயர்களும் வாரியத்தில் இடையில் மாறியிருக்கின்றன. அன்றைய உத்தரவில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான்.

இனி எப்படி எழுதுவது என்ற கேள்வி. எழுதவே தொடங்காதீர்கள். முதலில் ஒரு நீளத் தாளில் அட்டவணை. இடது பத்தியில் பணிப்பதிவேட்டிலிருந்து ஊர், பதவி, பணியேற்ற நாள், விடுவிக்கப்பட்ட நாள். வலது பத்தியில் வீட்டு நடப்பு: கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு, யார் எந்தப் பள்ளியில், ஐயா, அப்பத்தா (அப்பாவைப் பெற்றவர்கள்) கேதம், மகள் கல்யாணம். இரண்டையும் ஒரே கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தானாகக் கதை தெரியும். எந்த வருடங்களில் குடும்பம் கூடவே போனது, எந்த வருடத்திலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக ஆத்தா காரைக்குடியில் தங்க அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார், எந்த மாற்றல் உத்தரவு எந்தப் பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்னால் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். "பாசமிகு தந்தை" என்ற சொல் வர வேண்டிய இடத்தில் இந்த அட்டவணையை வையுங்கள்.

ஒரு ஊரில் விடுவித்த நாளுக்கும் அடுத்த ஊரில் சேர்ந்த நாளுக்கும் இடையே சில நாள் இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். அது சேர்வதற்கு உண்டான கால அவகாசம், லீவு அல்ல.

110 கே.வி. எழுதியது:

டைரி விஷயத்துக்கு வருகிறேன். மின்வாரியக்காரர் டைரியில் நாலைந்து சொல் பிடிபட்டால் முக்கால்வாசி படித்துவிடலாம்.

எல்.சி. என்றால் லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்திக் கம்பியில் வேலை செய்யத் தரும் அனுமதி. பக்கத்தில் ஒரு எண்ணும் இரண்டு நேரமும் இருக்கும், வாங்கியதும் திருப்பியதும். கம்பியில் ஆள் ஏறுமுன் துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடரின் (மின்சாரம் வெளியே போகும் வழி) பிரேக்கரை எடுத்து, ஐசொலேட்டரைத் திறந்து, எர்த் ஸ்விட்சைப் போட்டு, பூட்டி, பலகை மாட்டிவிட்டு எண்ணோடு எல்.சி. தருவார்கள். வாங்குகிறவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார். வேலை நடக்கும் இடத்தில் மறுபடி மின்சாரம் இல்லை என்று பார்த்து இரு பக்கமும் டிஸ்சார்ஜ் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) போட வேண்டும். வேலை முடிந்ததும் ராடை எடுத்து, ஆட்களை எண்ணி, அதே எண்ணைச் சொல்லி எல்.சி.யைத் திருப்பினால்தான் மறுபடி சார்ஜ், அதாவது மின்சாரம் விடுவது. ஆக டைரியில் "எல்.சி. 14, 10.20 – 13.45" என்று இருந்தால், அந்த மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் யாரோ கம்பிமேல் இருந்தார்கள், பொறுப்பு இவர் பெயரில் இருந்தது என்று அர்த்தம்.

ஈ.எஃப். என்றால் எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குப் போவது), ஓ.சி. என்றால் ஓவர் கரண்ட் (அளவுக்கு மேல் மின்னோட்டம்). எந்த ரிலே (கோளாறைக் கண்டு நிறுத்தும் கருவி) வேலை செய்து ஃபீடர் விழுந்தது என்ற குறிப்பு. "ஸ்டுட் ஓகே" என்றால் மறுபடி சார்ஜ் செய்ததும் நின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்களில் ஈ.எஃப். வரிசையாக வரும், மழையில் மரக்கிளை கம்பியில் பட்டுத் தரைக்கு வழி விடுவதால்.

பி.டி.வி. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ச் சோதனை. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனையை எண்ணெயில் வைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனால் எத்தனை கிலோவோல்டில் பொறி பாய்கிறது என்று பார்ப்பது. "பி.டி.வி. 26" என்று இருந்தால் ஈரம் சேர்ந்துவிட்டது, 30க்குக் கீழே போனால் ஃபில்டர் மெஷின் வைத்து எண்ணெயைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் சில பக்கங்களில் "ஜெல் பிங்க்" என்று இருக்கிறதா பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் மூச்சுக்குழலில் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறினால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது, மாற்ற வேண்டும் அல்லது வறுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து எண்ணெய்தான் போகும். இரண்டு குறிப்பும் அடுத்தடுத்து வரும் இடம் கிடைத்தால் அதுவே ஒரு பக்கத்துக்குப் போதுமான விஷயம்: எது பார்த்து, என்ன செய்து, எத்தனைக்கு ஏறியது.

"இ.ஆர்." எர்த் ரெசிஸ்டன்ஸ், தரையிணைப்பின் மின்தடை. நம் பக்கம் செம்பொறை மண். சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும்போது அளவு ஏறும். கரி, உப்பு போட்ட எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிய குறிப்பு டைரியில் இருந்தால் நம்மூர்ப் பக்கம் பார்த்த வேலை என்று ஊகிக்கலாம். ஊகம்தான், பணிப்பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. "இன்ன துணைமின் நிலையத்தை அப்பச்சி கட்டினார்" என்று எழுதும்முன் வரைபடத்தின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று சுருக்கொப்பம் இருக்கும். மேலே திருத்தங்களின் பட்டியல், தேதியோடு. அவருடைய சுருக்கொப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதைத்தான் எழுதலாம். ஒரு நிலையத்துக்கு வடிவமைப்பு ஒரு அலுவலகம், சிவில் வேலை ஒரு பிரிவு, நிறுவுதல் இன்னொரு பிரிவு, பராமரிப்பு வேறு. பெரும்பாலான பொறியாளர்கள் செய்தது பராமரிப்பு. அதைக் குறைத்து நினைத்துத்தான் "கட்டினார், உருவாக்கினார்" என்று ஏற்றி எழுதுகிறார்கள். மலர் போய்ச் சேரும் வீடுகளில் அதே நிலையத்தில் வேலை பார்த்தவர்களும் இருப்பார்கள். "1974 முதல் 1977 வரை அந்த நிலையத்தின் பராமரிப்புப் பொறுப்பு" என்பதே மரியாதையான வரி.

ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் வரைபடத்தை அப்படியே அச்சிட வேண்டாம். அவர் கையெழுத்து இருக்கும் மூலையை மட்டும் வெட்டிப் போடுங்கள். விசாரணை, மெமோ சம்பந்தமான அலுவலகத் தாள் ஏதாவது டைரிக்குள் இருந்தால் அது மலருக்கு உரியது அல்ல. அதில் மற்றவர்கள் பெயர் இருக்கும்.

ஓலைப்பெட்டி எழுதியது:

படங்கள் பற்றி. முகப்புச் சட்டப் படங்களைப் பிரிக்காதீர்கள்! ஐம்பது வருடம் ஈரத்தில் இருந்த படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். பின்பலகையைக் கரையான் தின்றிருக்கக்கூடும் என்பதால் இரண்டு பேராக அடியில் தாங்கி இறக்குங்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுக்கலாம். வளவுத் தாழ்வாரத்தில், வெயில் நேராக விழாத நேரத்தில், சுவரில் சாய்த்து வையுங்கள். திறந்த முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் எதிரொளி விழாது. ஃபிளாஷ் கூடவே கூடாது. கேமரா படத்துக்கு நேர் எதிரே, நடு உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் ஒரு பக்கம் சரிந்து தெரியும்.

ஒட்டும் ஆல்பத்தில் பிளாஸ்டிக்கை மட்டும் மெல்ல விலக்கிப் பாருங்கள். படம் தானாக வராவிட்டால் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு ரம்பம் போல மெதுவாக இழுக்கலாம். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன். சிறிய கறுப்பு வெள்ளைப் படங்கள் 600 டிபிஐ, 35 மில்லிமீட்டர் நெகடிவ் இருந்தால் 3200. டிஃப் கோப்பாக ஒன்று சேமித்து, அனுப்புவதற்குத் தனியாக ஜேபெக். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வரைபடச் சுருளில் அம்மோனியா அச்சு இருந்தால் வெளிச்சத்தில் மங்கும். நாள் முழுக்க விரித்து வைக்க வேண்டாம், போட்டோக்களோடு ஒரே பெட்டியில் போட வேண்டாம், அதிலிருந்து வரும் ஆவி படங்களைக் கறையாக்கும். இஸ்திரி போடுவது, லேமினேஷன், செலோ டேப் எதுவும் வேண்டாம். சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் சுருள் அடங்கும்.

குழுப் படத்தில் யார் யார் என்று எழுத: படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு வட்டம், உள்ளே எண். அதை ஒரு நகல் எடுத்து, பழைய சகாக்களிடம் காட்டி எண்ணுக்கு நேரே பெயர் வாங்குங்கள். "இடமிருந்து மூன்றாவது" என்று போனில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி எண்ணுவார்கள். நின்றுகொண்டிருப்பவர்களின் பெயரையும் வாங்குங்கள். நாற்காலியில் இருக்கும் அதிகாரிகள் பெயரை மட்டும் போட்டு லைன்மேன், வயர்மேன், டிரைவரை விட்டுவிடுவது நம் ஊர் மலர்களின் வழக்கமான குறை.

கேசட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசையில் உடனே ஓட விடாதீர்கள். முதலில் மேலே இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவாகி அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலோ, நடுவே உள்ள பஞ்சுத் துண்டு விழுந்திருந்தாலோ தெரிந்த கடையில் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒரே ஓட்டத்தில் கணினிக்கு வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். ஓட்டி ஓட்டிக் கேட்பதெல்லாம் அந்தக் கோப்பில்.

கண்டனூர் மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டைரியைப் பிரித்துப் பார்த்தேன், பி.டி.வி. வரிசையாக இருக்கிறது! இன்னும் இரண்டு சந்தேகம். வம்சாவளி போட வேண்டும், ஆனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆத்தாவுக்கு எழுதிய கடிதங்களைப் போடலாமா? தம்பி போட வேண்டும் என்கிறான்.

பள்ளத்தூர் ஆயா எழுதியது:

கடிதத்துக்கு முதலில் பதில். உங்கள் ஆத்தா இருக்கிறார்கள் என்றால் அவர்களைக் கேட்காமல் ஒரு வரி போடக் கூடாது. தம்பி சொல்வது இரண்டாம் பட்சம். கடிதக் கட்டை அவர்கள் கையில் கொடுத்து, போடலாம் என்று அவர்கள் எடுத்துத் தருவதை மட்டும் எடுங்கள். ஒன்றுமே தராவிட்டால் ஒன்றுமில்லை. தந்தால், முழுக் கடிதமாக ஒன்று போதும். பத்துக் கடிதத்திலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்த்தால் எவர் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். சாமான் பட்டியல், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மோட்டாருக்கு ஃபூட் வால்வு மாற்றச் சொன்னது எல்லாம் கலந்து வரும் கடிதமாக இருந்தால் நல்லது. இன்லண்ட் லெட்டரில் ஓரம் மடிப்பிலும் எழுதியிருப்பார்கள். பிரிக்கும்போது வெட்டுப்பட்ட துண்டு தனியாக இருக்கும், அதையும் தேடிச் சேருங்கள். தேதி எழுதாமல் விட்டிருந்தால் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியதில் றா, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அச்சில் இன்றைய வடிவம் போதும், ஆனால் அவர் சொற்களைத் திருத்தாதீர்கள்.

கணக்கு நோட்டில் ஒரே ஒரு மாதத்துப் பக்கம் போடுங்கள். நான் ஜூன் மாதம் என்பேன். பள்ளிச் சம்பளம், புத்தகம், யூனிஃபார்ம் துணி, ஊருக்கு அனுப்பிய மணியார்டர் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். சம்பளம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

வம்சாவளி. நம்மவர் (நகரத்தார்) பழக்கத்தில் பேரனுக்கு ஐயா பெயர். ஆகையால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர்தான் வரும், அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கும் அதே பெயர் வரும். பெயரை மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கே புரியாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் கொடுங்கள்: முதல் தலைமுறை 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, அப்படியே. எண்ணோடு முழு விலாசம் (பெயருக்கு முன் வரும் முன்னோர் பெயர்களின் எழுத்துகள்), பிறந்த வருடம். மாமனார் பெயரை மருமகள் சொல்வதில்லை என்பதால் அந்தப் பெயர் வைத்த பிள்ளைக்கு வீட்டில் கூப்பிட வேறு பெயர் இருக்கும். அதையும் பக்கத்தில் போடுங்கள். ஆபீசில் இனிஷியலாலும், கல்லூரியில் ஒரு பெயராலும், வீட்டில் ஒரு பெயராலும் அப்பச்சியைக் கூப்பிட்டிருப்பார்கள். எல்லாப் பெயரும் முதல் பக்கத்திலேயே ஓரிடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பழைய சகா ஒருவர் எழுதும் கட்டுரை யாரைப் பற்றியது என்று பேரப்பிள்ளைகள் விழிப்பார்கள்.

பிள்ளை கூட்டிக்கொண்ட (சுவீகாரம் எடுத்த) வழி இருந்தால் இரண்டு வீட்டிலும் காட்டுங்கள். பிறந்த வீட்டிலிருந்து புள்ளிக் கோடு, வந்த வீட்டில் முழுக் கோடு. இதை மறைத்தால் பங்காளிக் கணக்கே குழம்பும். குலத்துக்கு உரிய நகரக் கோவிலையும் அதன் உட்பிரிவையும் சேர்த்துப் போடுங்கள். இளையாத்தங்குடி என்று மட்டும் எழுதினால் போதாது, அதில் ஏழு பிரிவு இருக்கிறது. பெண் மக்கள் பெயர், அவர்கள் கட்டிக்கொடுத்த ஊர், மாப்பிள்ளை விலாசம், பேத்திகள் எல்லாம் வர வேண்டும். பழைய வம்சாவளிகளில் பெண்கள் வரியே இருக்காது. அதைப் பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள்.

வீட்டு மனிதராக அவரைக் காட்ட வேண்டும் என்றால் அவர் வீட்டுக்குச் செய்த வேலையைக் காட்டுங்கள். இன்ஜினியர் இருந்த வீட்டில் மெயின் போர்டுக்குள்ளே அல்லது பீரோக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: எந்த ஃப்யூஸ் எந்தக் கட்டுக்கு, கிணற்று மோட்டார் எத்தனை அடியில், தொட்டி எத்தனை லிட்டர். சுண்ணாம்புச் சுவரை வெட்டக் கூடாது என்று மரப்பட்டி மேலேயே வயர் ஓட்டியிருந்தால் அந்த இடத்தைப் படம் எடுங்கள். அந்தத் தாளைப் பிய்க்காமல் படமெடுத்து ஒரு பக்கம் போட்டால் பேரப்பிள்ளைகளுக்கு நாளை உபயோகமும் ஆகும்.

110 கே.வி. எழுதியது:

ஆயா சொன்ன மெயின் போர்டைப் படம் எடுக்கிறவர்கள் மூடியைத் திறக்கும்முன் வரும் இணைப்பை வாரியத்து ஆளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய போர்டில் திறந்த முனைகள் இருக்கும். மெயினை இறக்கினாலும் மீட்டர் பக்கம் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சகாக்களிடம் பேட்டி எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்ற பதில்தான் வரும், அதற்குமேல் வராது. டைரியில் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: அன்றைக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர், ஏன் போனது, மாற்று எங்கிருந்து வந்தது, லாரி எந்த வழியாக வந்தது, எத்தனை மணிக்குச் சார்ஜ் ஆனது. எண்பது வயதுக்காரருக்கும் அது நினைவிருக்கும். காலை பத்து மணிவாக்கில், படத்தையும் டைரியையும் கையில் கொண்டுபோய், போனில் பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். லைன்மேன்களிடம் முதலில் போங்கள். அதிகாரி எப்போது கோபப்படுவார், எப்போது எல்.சி. தர மறுத்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நல்லதை மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு வேலை தவறாகப் போயிருந்தால் அதையும் போடலாம், அவர் டைரியிலேயே எழுதி வைத்திருந்தால்.

செக்காலை ரோடு எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு எனக்குச் சம்மதமில்லை. விபத்து, அடிபட்டவர் என்று வந்தால் அந்தக் குடும்பமும் மலரைப் பார்க்கும். ஃபில்டர் வைக்கத் தாமதமானது, கேபிள் தவறாக வாங்கியது மாதிரி இருந்தால் போடுங்கள், ஆளுக்குச் சேதம் என்றால் வேண்டாம்.

ஓய்வூதிய ஆணையின் படத்தைச் சிலர் பெருமையாகப் போடுகிறார்கள். பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண் எதுவும் அச்சில் வரக் கூடாது, குடும்ப ஓய்வூதியம் ஆத்தாவுக்கு அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. வம்சாவளியில் போன் எண்ணும் வேண்டாம்.

டிடிபி கடை எழுதியது:

அச்சு வேலைக்கு மட்டும். டெம்மி 1/8 அளவு, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம் வசதி. 64 பக்கம் என்பது 16இன் மடங்கு, சரியாக வரும். 66 ஆகிவிட்டால் தாள் வீணாகும், இரண்டு பக்கம் குறையுங்கள். உள்தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, படங்கள் நிறைய என்றால் அந்த 16 பக்கத்தை மட்டும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் தனி ஃபாரமாகப் போடலாம். அட்டை 300 ஜிஎஸ்எம். இந்தப் பருமனுக்கு நடுவில் பின் அடித்தாலே போதும், விரித்து வைத்தால் நன்றாகப் படியும். அட்டவணையும் வம்சாவளியும் அகலம் கேட்கும். இரண்டில் அதிக அகலம் கேட்பதை எதிரெதிர்ப் பக்கமாக, சரியாக நடுத்தாளில் வருமாறு அடுக்குங்கள், இல்லாவிட்டால் கோடுகள் மடிப்பில் விலகும்; நடுத்தாள் ஒன்றுதான் என்பதால் மற்றதை ஒரே பக்கத்துக்குள் அடக்குங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கிரேஸ்கேலாக மாற்றிக் கொடுங்கள். கலரில் இருந்தால் நான்கு மையில் அடித்து முகம் பச்சையாகவோ சிவப்பாகவோ இறங்கும். அச்சிடும் அளவில் 300 டிபிஐ இருக்க வேண்டும்.

எழுத்து: நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள், கடையில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது உடைவது எப்போதும் ஒரே இடங்கள்தான்: ஸ்ரீ, க்ஷ, ஔ வரிசை, கொம்பு தனியாகப் பிரிந்து வரிக்கடைசியில் நிற்பது, மேற்கோள் குறிகள். புரூஃப் பார்க்கும்போது கட்டுரையைப் பிறகு படியுங்கள். முதல் சுற்றில் பெயர், விலாசம், ஊர், வருடம் மட்டும், ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் அச்சைப் பார்க்கட்டும். பெயரில் பிழை வந்தால் அந்த வீட்டுக்காரர் மலரையே மூடி வைத்துவிடுவார். கடைசி பி.டி.எஃப்.பில் எழுத்துரு பதிந்திருக்கிறதா என்று வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். 250 பிரதிக்கு மேல் ஐந்தாறு கூடச் சொல்லி வைத்து, கல்லூரி நூலகத்துக்கு ஒன்று, சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒன்று எடுத்து வையுங்கள். அந்த நூலகம் உண்டானதே நம் கோட்டையூர்க்காரர் சேர்த்த புத்தகங்களால்தான். வாங்கிக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.